அச்சாரம் யாருடைய பணம்?

1

வீடு வாங்கியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். கிரயம் நடந்த நாளைவிட அட்வான்ஸ் கொடுத்த நாள்தான் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கிரயம் நடப்பது சார்பதிவாளர் அலுவலகத்தில். வரிசை, கைரேகை, கேமராவைப் பார்த்து ஒரு முகம், மதியத்துக்குமேல் பசி, அவ்வளவுதான். அட்வான்ஸ் கொடுப்பது விற்பவர் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. நல்ல நேரம் பார்த்து வருகிறார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் காசோலை. காபி வருகிறது. புரோக்கர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறார். விற்பவர் கிளம்பும்போது சொல்வார்: "இனிமே இது உங்க வீடுங்க."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவைப் பொறுத்தவரை, விற்பனை ஒப்பந்தம் என்பது பிற்பாடு விற்பதற்கான ஒப்பந்தம் மட்டுமே. அதனால் மட்டும் அந்தச் சொத்தில் வாங்குபவருக்கு எந்த உரிமையும் உண்டாவதில்லை. வீடு இன்னும் விற்பவருடையதுதான். பணம் மட்டும் கைமாறிவிட்டது.

இப்படிக் கைமாறிய பணம் யாருடையது என்பதுதான் கேள்வி. வீடு ஒழுங்காகக் கிரயம் ஆகிவிட்டால் இந்தக் கேள்வி எழாமலே போய்விடும், தொகை விலையில் கழிந்துவிடும். வியாபாரம் முறியும்போதுதான் அந்தத் தாம்பாளத்தில் என்ன கைமாறியது என்று இரண்டு தரப்பும் யோசிக்கத் தொடங்குகின்றன. அப்போது இரண்டு பேருக்கும் ஒரே காகிதம் இரண்டு விதமாக வாசிக்கக் கிடைக்கிறது. வாங்க வந்தவர் "என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார். விற்க இருந்தவர் "அது உங்கள் பணமாக இருந்தது ஒப்பந்தம் போட்ட அன்றுவரைக்கும்தான்" என்கிறார். இரண்டு பேருமே தாங்கள் நியாயத்தைப் பேசுவதாகத்தான் நம்புகிறார்கள். பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. சிக்கலே அங்குதான்.

2

நம்மிடம் இந்தப் பணத்துக்கு நான்கு பெயர்களாவது புழக்கத்தில் இருக்கின்றன. டோக்கன், அட்வான்ஸ், முன்பணம், அச்சாரம். இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் வேறொன்றைச் சொல்கிறது. முன்பணமும் அட்வான்ஸும் காலத்தைப் பற்றிய சொற்கள். எப்படியும் கொடுக்கவேண்டிய விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுக்கிறேன் என்பதற்குமேல் அவற்றில் ஒன்றுமில்லை. அச்சாரம் வாக்கைப் பற்றிய சொல். நான் சொன்ன சொல்லுக்குப் பின்னால் இந்தப் பணத்தை நிறுத்துகிறேன் என்பது அதன் பொருள்.

தமிழ் பைபிளில் இந்தச் சொல் ஓர் எதிர்பாராத இடத்தில் வருகிறது. பவுல் தம் நிருபங்களில், தூய ஆவியானவர் விசுவாசிகளுக்கு அளிக்கப்பட்டிருப்பதை ஒரு வியாபாரச் சொல்லால் விளக்குகிறார். கிரேக்கத்தில் 'அர்ரபோன்'. செமித்திய மொழி பேசிய வணிகர்களிடமிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல் அது. அதைத் தமிழில் 'அச்சாரம்' என்று மொழிபெயர்த்தார்கள். வரவிருக்கும் முழுமைக்கு இப்போதே கொடுக்கப்பட்ட உறுதி என்ற பொருளில். மொழிபெயர்த்தவர்கள் சந்தைக்குப் போய் வந்தவர்களாக இருந்திருக்கவேண்டும்.

சமஸ்கிருதத்தில் முன்பணத்துக்கு 'சத்யங்காரம்' என்று ஒரு சொல் உண்டு. மெய்யாக்குவது என்று அர்த்தம். யாக்ஞவல்கிய ஸ்மிருதி, இப்படி வாங்கிய பணத்தை இருமடங்காகத் திருப்பவேண்டும் என்று விதிக்கிறது. ரோமிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டநூல்படி, வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்ததை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்பித் தரவேண்டும். பிரான்சின் சிவில் சட்டத்தில் 1590ஆம் பிரிவாக இந்த விதி அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

இதே வேர்ச்சொல்லின் அரபு வடிவம் 'உர்பூன்'. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிடையே அதைப்பற்றி நெடிய விவாதம் நடந்திருக்கிறது. ஹன்பலி மரபு உர்பூனை ஏற்றுக்கொண்டது. மற்ற மூன்று சுன்னி மரபுகளின் அறிஞர்கள் பெரும்பாலும் மறுத்தார்கள். பொருளைக் கொடுக்காமல் பணத்தை மட்டும் வைத்துக்கொள்வது, எதற்கும் ஈடாக இல்லாத வரவு என்பது அவர்களுடைய வாதம். பிறர் பொருளைக் காரணமின்றி உண்பது.

இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையில்தான் நம் அக்ரிமென்ட்டுகள் இன்றைக்கும் நிற்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பழைய சட்டங்களில் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் இருந்தது. நம் ஊர் ஆவண எழுத்தர்கள் வைத்திருக்கும் மாதிரிப் படிவங்களில், கெடு தேதிக்குள் மீதித் தொகையைச் செலுத்தாவிட்டால் வாங்குபவர் முன்பணத்தை இழக்க வேண்டியது என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். விற்பவர் ஏமாற்றினால் வாங்குபவர் நீதிமன்றம் போய்க் கிரயம் செய்துகொள்ளலாம் என்றிருக்கும். முன்னவருக்குக் கையிலேயே பணம். பின்னவருக்கு வழக்கு.

3

பணத்தை இழப்பது பற்றி நம் உச்ச நீதிமன்றம் பலமுறை யோசித்திருக்கிறது. அவற்றில் முக்கியமானது 1963இல் தீர்ப்பான பதே சந்த் வழக்கு. 1949இல் டெல்லியில் ஒரு சொத்தை 1,12,500 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம். அச்சாரமாக 1,000 ரூபாய், பிறகு விலையில் ஒரு பகுதியாக 24,000 ரூபாய். தவறினால் 25,000 ரூபாயும் பறிபோகும் என்று எழுதியிருந்தது. வியாபாரம் முறிந்தது. நீதிமன்றம் அந்த 25,000 ரூபாயை இரண்டாகப் பிரித்தது. அச்சாரமான 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். விலையின் பகுதியான 24,000 ரூபாயை, எழுதியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு, நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. எழுதப்பட்ட தொகை அதற்கு உச்சவரம்புதான்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு வழக்கில் காற்று எதிர்ப்பக்கம் வீசுவதுபோல் தெரியும். சதீஷ் பத்ரா வழக்கு, 2012. விலை 70 லட்சம், முன்பணம் 7 லட்சம். வாங்குபவர் தவறினார். விற்பவர் 50,000 ரூபாய் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றமோ 7 லட்சத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்றது. அது விலையின் பகுதியாக மட்டும் கொடுக்கப்பட்டதல்ல, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதியாகவும் கொடுக்கப்பட்டது என்பது காரணம்.

இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். கொடுத்தபோது அந்தப் பணம் என்னவாகக் கொடுக்கப்பட்டது? அட்வான்ஸாகவா, அச்சாரமாகவா? கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஏழு லட்சம் அந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

வருமான வரிச் சட்டத்துக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. இப்படிப் பறிமுதலாகும் முன்பணத்தை அது விற்பவரின் வருமானமாகக் கணக்கெடுத்து வரி போடுகிறது. வரிக்காரரின் பார்வையில் அது சம்பாத்தியம். அது சம்பாத்தியம்தானா என்பது நமக்குத்தான் பிரச்சினை.

4

இந்தக் கேள்விக்குள் நான் புத்தகம் வழியாக வரவில்லை. எங்கள் குடும்பத்தில் சில வருட இடைவெளியில் இரண்டு வியாபாரங்கள் முறிந்தன. ஒன்றில் நாங்கள் கொடுத்தவர்கள், இன்னொன்றில் வாங்கியவர்கள்.

முதலாவது, தம்பி வாங்க இருந்த அடுக்ககம். சென்னையின் தெற்குப் பக்கம், 52 லட்சம் விலை, 5 லட்சம் அட்வான்ஸ். வங்கியின் வக்கீல் மூலப்பத்திரங்களைப் பார்த்துவிட்டு, முப்பது வருடம் முன்பு நடந்த ஒரு பாகப்பிரிவினையில் ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லை, அவர் விடுதலைப் பத்திரம் கொடுக்காமல் கடன் தர முடியாது என்று எழுதிவிட்டார். விற்பவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "இந்த வீட்ட எங்க தெருவுல யாரும் சந்தேகப்பட்டதில்ல. உங்க பேங்க்தான் படுத்துறான். வேற பேங்க் பாருங்க, இல்ல கையில இருந்து போடுங்க. எங்களால ஆனது ஒண்ணுமில்ல" என்றார்.

இதில் நியாயம் எந்தப் பக்கம் என்பதில் எனக்கு அன்றும் குழப்பமில்லை, இன்றும் இல்லை. குறையில்லாத உரிமையைக் கொடுக்கவேண்டியது விற்பவரின் பொறுப்பு. அவர் தரமுடியாத ஒன்றைத் தம்பி வாங்கவில்லை என்பதற்காகத் தம்பி தவறியவன் ஆகமாட்டான். சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. இப்படிக் கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே ஒரு பிணை உண்டு என்று அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் நியாயம் தெரிவதற்கும் பணம் வருவதற்கும் நடுவில் எட்டு மாதம் ஆனது. பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு வாதமே தேவையில்லை, காலம் போதும். கேட்பவர்தான் லீவு போடவேண்டும், பஸ் ஏறவேண்டும், போனை எடுக்காதவருக்கு மறுபடி போன் போடவேண்டும், வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா, அனுப்பினால் பேச்சு முறிந்துவிடுமா என்று இரவில் யோசிக்கவேண்டும். தன் பணத்தைக் கேட்கிறவன் கடன் கேட்கிறவனைப்போல வாசலில் நிற்கிறான். ஒருமுறை தம்பி சொன்னான்: "அஞ்சு லட்சம் போனாக்கூட பரவால்லன்னு தோணுது. அந்த வீட்டுப் படி ஏறுறதுதான் முடியல."

கடைசியில் நாலரை லட்சம் வந்தது. ஐம்பதாயிரம் "எங்களுக்கும் அலைச்சல்ல" என்று நின்றுபோனது. வழக்குப் போட்டிருந்தால் முழுசும் வந்திருக்கலாம். மூன்று வருடக் காலவரம்புக்குள் போடலாம், வட்டியோடு கேட்கலாம். தம்பி போடவில்லை. பணத்தைவிட அதை மறப்பது முக்கியம் என்று முடிவெடுத்தான். இந்த மாதிரி முடிவுகளை நாம் பெருந்தன்மை என்று சொல்லிவிடுகிறோம். அதில் பாதி களைப்பு.

5

இரண்டாவது, பெரியம்மாவின் வீடு. பெரியப்பா போன பிறகு மதுரை வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று பெரியம்மா முடிவெடுத்தார். விலை 38 லட்சம். வாங்க வந்தவர் ஒரு தனியார் நிறுவன ஊழியர். 4 லட்சம் அட்வான்ஸ், மூன்று மாதக் கெடு. அந்த நாலில் 3 லட்சத்தைப் பெரியம்மா கோயம்புத்தூர் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டார். வீடு மாறுகிற எல்லோரும் செய்வதுதான். நம் ஊரில் ஒரு வீட்டின் அட்வான்ஸ் இன்னொரு வீட்டின் அட்வான்ஸாகி, அது இன்னொன்றாகி, ஒரு தெருவிலிருந்து இன்னொரு ஊர்வரை சங்கிலி போகிறது.

இரண்டாம் மாதத்தில் அவருக்கு வேலை போனது. வங்கி கடனை நிறுத்திவிட்டது. வேலை போன அதே வாரம் அவர் மனைவியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. "எவ்வளவு முடியுமோ, எப்ப முடியுமோ குடுங்கம்மா" என்றார்.

தம்பிக்காகப் பேசிய அனுபவம் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். மாமாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கு? கெடு முடிஞ்சா அட்வான்ஸ் போச்சு. நாம என்ன சத்திரமா நடத்துறோம்? அவருக்கு வேல போனதுக்கு அக்கா என்ன பண்ணும்?" பெரியம்மா மாமாவுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "உன் தம்பிக்குப் பேசுனியே. அதே நியாயம்தானா இங்கயும்? இல்ல உன் தம்பிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

ஒரு தத்துவக் கேள்வியை இதைவிட நேராகக் கேட்க முடியாது. ஜான் ரால்ஸ் தன் நீதிக் கோட்பாட்டில் ஓர் அறியாமைத் திரையைக் கற்பனை செய்யச் சொல்கிறார். நீங்கள் யாராகப் பிறக்கப்போகிறீர்கள் என்று தெரியாத நிலையில் விதிகளை வகுக்கவேண்டும். எங்களுக்குத் திரை தேவைப்படவில்லை. ஒரே குடும்பம் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருந்தது. தம்பிக்குப் பணம் வேண்டும் என்பதாலும் பெரியம்மாவுக்குப் பணம் தேவை என்பதாலும் வளையாத ஒரு விதியைச் சொல்லவேண்டும்.

வளையாத விதி என்பதால் இரண்டுக்கும் ஒரே விடை வரவேண்டும் என்பதில்லை. தம்பி விஷயத்தில் கொடுக்க முடியாமல் போனது விற்பவரால். பெரியம்மா விஷயத்தில் வாங்க முடியாமல் போனது வாங்குபவரால். பெரியம்மாவின் பத்திரங்கள் சுத்தமாக இருந்தன. அவர் சொன்ன தேதியில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் கேட்டுவந்த இரண்டு பேரைத் திருப்பியனுப்பியிருந்தார். ஆகவே முழுப்பணத்தையும் உடனே திருப்பவேண்டும் என்ற கடமை அவருக்கு இல்லை. ஆனால் முழுப்பணத்தையும் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல, அந்த 4 லட்சத்தால் வாங்கப்பட்டது என்ன என்று தெரியவேண்டும்.

6

அமெரிக்க நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 1897இல் ஆற்றிய ஓர் உரையில் ஒப்பந்தத்தைப் பற்றி வறட்டுத்தனமான ஒரு கருத்தைச் சொன்னார். ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் கடமை என்பது, காப்பாற்றாவிட்டால் இழப்பீடு கொடுக்க நேரும் என்ற முன்கணிப்பு மட்டுமே. அதற்குமேல் ஒன்றுமில்லை என்று. இதை ஏற்றுக்கொண்டால், அச்சாரம் என்பது வெளியேறும் வாசலில் கட்டும் சுங்கம். கட்டிவிட்டால் போகலாம், யாரும் யாரையும் குறைசொல்ல முடியாது. மாமா சொன்னதும் வேறு பாஷையில் இதுதான். காசு போச்சு, கணக்கு முடிஞ்சுது.

இதில் ஏதோ இடறுகிறது. என்ன என்று இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு காட்டிக்கொடுக்கிறது. ஊரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்டது. குழந்தையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறிய அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை தாமதமாக வந்தவர்களுக்கு ஆசிரியையின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணம் ஆகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய சங்கடம் திரும்பி வரவில்லை.

பெரிய தொகை அச்சாரமும் இப்படி இரண்டு பக்கத்தையும் கெடுக்கக்கூடியது. கொடுத்தவர், "அதான் அஞ்சு லட்சம் விட்டுட்டேனே" என்று மன்னிப்புக் கேட்காமல் போய்விடலாம். வாங்கியவர் அதைவிட மோசமான இடத்துக்குப் போகலாம். எதிராளி தவறவேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கலாம். கெடு நெருங்கும்போது போனை எடுக்காமல் இருப்பது, வில்லங்கச் சான்றைத் தாமதமாகக் கொடுப்பது, விலை ஏறும் பகுதியில் அட்வான்ஸ் பணமே ஒரு தொழிலாவது, இவையெல்லாம் நாம் கேள்விப்படாதவை அல்ல. ஒருவர் விழுவதால் இன்னொருவருக்கு லாபம் வரும்படி ஓர் ஏற்பாட்டை எழுதினால், அவர் பக்கத்தில் நின்றிருந்தும் கை கொடுக்கமாட்டார்.

ஆகவே அந்தப் பணத்தைத் தண்டனையாகவோ சுங்கமாகவோ பார்ப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. அதனால் வாங்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். விற்பவரின் காத்திருப்பு. மூன்று மாதம் வேறு யாரிடமும் பேசாமல், விலை ஏறினாலும் மாற்றாமல், வீட்டை எனக்காக நிறுத்திவையுங்கள் என்று வாங்குபவர் கேட்கிறார். அந்தக் காத்திருப்பால் விற்பவருக்கு நஷ்டம் வந்தால், அதை ஈடுகட்டப் பணம் கையிலேயே இருக்கிறது. நஷ்டத்துக்குமேல் மீதம் இருப்பது, உர்பூனை மறுத்த அந்த அறிஞர்கள் சொன்னதுபோல, எதற்கும் ஈடாக இல்லாத பணம்.

உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதற்கு நெருங்கி வருகிறது. ஒரு நிறுவனம் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் ஏலத்தில் 3.12 கோடிக்கு ஒரு மனையை எடுத்து 78 லட்சம் கட்டியிருந்தது. ஆணையம் பிற்பாடு ஏலத்தை ரத்துசெய்து, 78 லட்சத்தையும் பறிமுதல் செய்து, அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. நிறுவனம் ஒப்பந்தத்தை மீறவில்லை என்றது நீதிமன்றம். மீறியிருந்தாலும் ஆணையத்துக்கு நஷ்டமே இல்லாதபோது இழப்பீடு எங்கிருந்து வரும் என்றும் கேட்டது.

7

கோயம்புத்தூர்க்காரரிடம் பேசி இரண்டு மாதம் தவணை வாங்கினோம். அதற்கு அவர் 40,000 கூடுதலாகக் கேட்டார், கொடுத்தோம். மதுரை வீட்டை மறுபடி விற்பனைக்குக் காட்டி, 37 லட்சத்துக்கு வேறொருவர் வந்தார். ஆக, விலையில் ஒரு லட்சம், கோயம்புத்தூரில் நாற்பதாயிரம். பெரியம்மாவிடம் இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். கழித்தால் 2,60,000 திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பெரியம்மா நாற்பதாயிரத்தின்மேல் விரலை வைத்தார். "ஒரு லட்சம் அவரால போனது. அது அவர் குடுக்கட்டும். இது அவரால போனதில்ல. அடுத்தவங்க காசு கையில இருக்கறப்பவே அத எடுத்து இன்னொரு எடத்துல குடுத்தது நான். அவர் என்னக் குடுக்கச் சொல்லல. இது என் அவசரம்."

மாமா கேட்டார்: "சரிக்கா, வீடு நாப்பதுக்குப் போயிருந்தா?"

"அப்ப நாலையும் குடுத்திருப்பேன்."

மூன்று லட்சம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இதைப் பெரியம்மா பெரிய மனது பண்ணினார் என்று உறவில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தயவு காட்டியிருந்தால் அந்த ஒரு லட்சத்தையும் விட்டிருப்பார். அவர் அதைக் கறாராக எடுத்துக்கொண்டார். அவர் செய்தது கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான பிரிப்பு இருந்தது. எதிராளியின் தவறால் எனக்கு நேர்ந்தது எது, நானே எடுத்த துணிச்சலால் எனக்கு நேர்ந்தது எது? ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவும் தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஈடு கேட்க முடியாது என்றுதான் சொல்கிறது. பெரியம்மாவுக்கு 73ஆம் பிரிவு தெரியாது. அந்தப் பணம் முழுசாகத் தன்னுடையது ஆகவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்புக்கு இடமிருக்கிறது. வேலை போனவரும், இதைவிட மலிவாக வேறு வீடு கிடைத்துவிட்டதால் நழுவியவரும் ஒரே நஷ்டத்தைத்தான் உண்டாக்குகிறார்கள். அவர்கள் இருவரும் ஒரே தொகையைக் கொடுத்தால் வாக்குக்கு என்ன மரியாதை? என் பதில் இது. வாக்கு தவறியதன் கனத்தைப் பணத்தால் அளக்க முயல்வதுதான் ஹைஃபாவில் நடந்தது. அதன் கனம் வேறு இடத்தில் தெரியவேண்டும். அந்த மனிதர் வேலை போன அதே வாரம் நேரில் வந்து சொன்னார். கெடுவின் கடைசி நாள்வரை "ஏற்பாடு ஆயிட்டிருக்கு" என்று இழுத்திருந்தால், பெரியம்மாவின் நஷ்டம் கூடியிருக்கும். அதை அவரிடமிருந்தே எடுத்திருப்போம். முடியாதபோது முடியாது என்று உடனே சொல்வதும் வாக்கைக் காப்பாற்றுவதில் ஒரு பகுதிதான். எனக்குத் தெரிந்து எந்த அக்ரிமென்ட்டிலும் அதற்கு வரி இல்லை.

8

இதைப் படிப்பவர்களில் பலர் அடுத்த பத்து வருடத்தில் ஏதோ ஒரு கூடத்தில் தாம்பாளத்துக்கு முன்னால் உட்காரப்போகிறீர்கள். ஆகவே நடைமுறைக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பணத்தைச் சிறியதாக வையுங்கள். கட்டுநர்களிடம் வாங்கும்போது, பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்குமேல் அவர்கள் வாங்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. தனியாரிடம் வாங்கும்போது அந்தக் காவல் இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளவேண்டியதுதான். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்குமேலோ சொத்து முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம், கணக்கில் இல்லாமல் கொடுத்ததைக் கணக்கோடு திருப்பிக் கேட்க முடியாது. கடன் கிடைக்காவிட்டால் என்ன, பத்திரத்தில் குறை இருந்தால் என்ன, விற்பவர் மாறினால் என்ன என்று மூன்றுக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதச் சொல்லும்போது கூடத்தில் கொஞ்சம் முகம் சுருங்கும். "நல்ல காரியம் பேசறப்ப எதுக்கு இதெல்லாம்" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

இங்கிலாந்தில் பெரும்பாலும் இந்தப் பணம் கிரயம் முடியும்வரை வழக்குரைஞரின் கணக்கில் நிற்கிறது. அமெரிக்காவில் மூன்றாமவர் ஒருவரிடம் நிற்கிறது. விற்பவர் அதைத் தொடுவதில்லை. நம்மிடம் அந்த வழக்கம் வரவில்லை. இங்கே அந்த மூன்றாமவர் வேலையையும் விற்பவரேதான் பார்க்கவேண்டியிருக்கிறது. தன் கையிலிருக்கும் பணத்துக்குத் தானே காவலாக இருப்பது கடினமான வேலை. கூடத்திலிருந்து எல்லோரும் கிளம்பிப்போன பிறகு, காசோலை வங்கியில் சேர்ந்த பிறகு, அந்த மூன்று மாதமும் அது தன்னுடையது இல்லை என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, அடுத்த வீட்டு அட்வான்ஸ் என்று அதற்குள் ஆயிரம் தேவை வரும்.

விற்பவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. முடிந்தால் அந்தத் தொகையைத் தனியாகப் போட்டுவையுங்கள். வியாபாரம் முடிந்தால் மூன்று மாதம் கழித்து அது உங்களுடையது. முறிந்தால், உங்கள் நஷ்டத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். கேட்டு வருபவர் உங்கள் படியை ஒருமுறைக்குமேல் ஏறவேண்டியிருக்காது.